வியாழக்கிழமை மத்தியானங்கள்

மார்ச் 3

என் பூதக்கண்ணாடிக்கு,

நீ போய் இன்னியோட பத்தொன்பது நாள். போன் பண்ணினா உங்க அக்காதான் எடுக்கிறாங்க. "அவ குளிக்கிறா"ங்கிறாங்க. காலையில பண்ணினாலும் குளிக்கிற, சாயங்காலம் பண்ணினாலும் குளிக்கிற. "இத்தனை தடவை குளிச்சா சளி பிடிக்கும்னு சொல்லுங்க"ன்னேன். பட்டுனு வச்சுட்டாங்க. அதான் எழுத உட்கார்ந்தேன்.

அம்மா நல்லா இருக்காங்க. "மருமக எப்ப வருவா"ன்னு கேட்டாங்க. வேலை மாத்தல், ஆறு மாசம் ஆகும்னு சொல்லி வச்சிருக்கேன். பொண்ணு ஹாஸ்டல்ல இருந்து பேசவே மாட்டேங்கிறா. பரீட்சைன்னு நினைக்கிறேன்.

சரி, நேரா விஷயத்துக்கு வரேன். நான் அப்படி என்ன தப்பா சொல்லிட்டேன்? துறைமுகத்துல பதினாலு கிரேன் ஆபரேட்டர் இருக்கோம். ரெண்டு வருஷமா ஒரு கன்டெய்னரைக்கூட இடிக்காதவன் நான் ஒருத்தன்தான். மணிக்கு இருபத்திரண்டு பெட்டி இறக்கினவன் இருபத்தெட்டு இறக்குறேன். அதுக்குத்தான் ஊழியர் நலக் கூட்டத்துல மேடையேத்தினாங்க. எனக்கு முன்னாடி பேசினவன் யோகான்னான், இன்னொருத்தன் நடைப்பயிற்சின்னான். மேனேஜரம்மா எங்கிட்ட மைக்கை நீட்டி, "உங்க ரகசியம் என்ன?"ன்னாங்க. "என் வீட்டுக்காரி"ன்னேன். கை தட்டினாங்க. அதோட இறங்கியிருக்கணும். கைதட்டல் கேட்டா எனக்கு வாய் நிக்காதுன்னு உனக்கே தெரியும். "வியாழக்கிழமை மத்தியானம் மட்டும் நாங்க புருஷன் பெண்டாட்டி இல்லீங்க"ன்னேன். கூரை இடிஞ்சு விழற மாதிரி சிரிப்பு. அப்புறம் ரெண்டு மூணு சொன்னேன். பஸ்ல பார்த்த ஆள் மாதிரி நாம நடிக்கிறது, கண்ணைக் கட்டிக்கிறது. அவ்வளவுதான்.

அதைக் கம்பெனி இதழ்ல போடுவாங்கன்னு நான் கனவா கண்டேன்? என் போட்டோவைப் போட்டு, ‘படுக்கையறையில் புதுமை, பணியில் பெருமை’ன்னு தலைப்பு வச்சு, கீழே ஊழியர்களுக்குப் பத்து யோசனை வேற எழுதுவாங்கன்னு எனக்கு எப்படித் தெரியும்?

ஒண்ணு மட்டும் யோசிச்சுப் பாரு. நான் உன்னைத் திட்டல. உன்னாலதான் நான் ஆளானேன்னு நாலு பேர் முன்னாடி சொன்னேன். எத்தனை புருஷன் சொல்வான்?

கோபம் தணிஞ்சதும் ஒரு வரி எழுது.

உன் கொக்கு


மார்ச் 16

அன்புள்ளவருக்கு,

கடிதம் கிடைத்தது. போனில் பேசினால் நீங்கள் சிரித்து மழுப்பிவிடுவீர்கள், நானும் பாதியில் சிரித்துத் தொலைப்பேன். அதனால் எழுதியே பேசலாம்.

பொண்ணுக்குப் பரீட்சை இல்லை. அவளோட வகுப்பில் படிக்கிற ஒருத்தியின் அப்பாவும் துறைமுகத்தில்தான் வேலை செய்கிறார். அந்த இதழின் பக்கத்தைப் போட்டோ எடுத்து வகுப்பு முழுக்க அனுப்பியிருக்கிறார்கள். எனக்கு ஒரே ஒரு தடவை போன் பண்ணினாள். "அம்மா, இதெல்லாம் நிஜமா?" என்று கேட்டாள். நான் பதில் சொல்வதற்குள் வைத்துவிட்டாள்.

நான் ஏன் கிளம்பினேன் என்பதை உங்களுக்கு முழுசாகச் சொல்லவில்லை. அந்த இதழ் எங்கள் மருத்துவமனை லேப் வரைக்கும் வந்துவிட்டது. ஒரு நாள் காலை உள்ளே போனேன். என் மைக்ராஸ்கோப்பின் ரெண்டு கண்ணையும் சேர்த்து ஒரு கறுப்புத் துணியால் முடிச்சுப் போட்டுக் கட்டி வைத்திருந்தார்கள். நான் அதை அவிழ்க்கும்போது பின்னால் யாரோ செருமினார்கள். திரும்பினால் ஆறு பேரும் தலையைக் குனிந்து வேலை பார்க்கிறார்கள். எனக்குக் கீழே வேலை பார்க்கிற பெண், தங்கமான பெண், டீ குடிக்கும்போது, "எங்களுக்கும் கொஞ்சம் சொல்லிக் குடுங்கக்கா" என்றாள். கிண்டலாகக்கூட இல்லை, ஆசையாகத்தான் கேட்டாள். அதுதான் தாங்கவில்லை.

பதினெட்டு வருஷம் அந்த அறையில் உட்கார்ந்து மற்றவர்களின் செல்களைப் பார்த்திருக்கிறேன். எது புற்று, எது இல்லை என்று நான் சொன்னால் டாக்டர்கள் மறுவார்த்தை பேசமாட்டார்கள். இப்போது நான் நடந்து போனால், ஸ்லைடைப் பார்க்கிற மாதிரி என்னைப் பார்க்கிறார்கள்.

நாலு பேர் முன்னால் புகழ்ந்தேன் என்கிறீர்கள். புகழ்ந்தது உங்களை. உங்களுக்குக் கைதட்டல், எனக்குக் கறுப்புத் துணி.

இங்கே அக்கா வீட்டில் மாடி அறை. கிளை மருத்துவமனை லேப் நடந்து போகிற தூரம்தான். யாருக்கும் என்னைத் தெரியாது. அதுவே போதும்.

மாத்திரையை வேளைக்குப் போடுங்கள்.


ஏப்ரல் 4

பூதக்கண்ணாடி,

துணி விஷயம் எனக்குத் தெரியாதும்மா. சத்தியமா தெரியாது. படிச்சதும் நேரா உங்க லேபுக்குக் கிளம்பிட்டேன், எவன்டா அதுன்னு கேட்க. பாதி வழியில வண்டியை நிறுத்திட்டேன். அங்க போய் நான் கத்தினா அதுவும் உன் பேர்லதான் வந்து விழும்.

நான் புகழ்ந்தது என்னையத்தான்னு எழுதியிருக்க. நாலு நாளா அதையே யோசிக்கிறேன். சரியாத்தான் சொல்லியிருக்க.

ஆனா நாம எப்படி இருந்தோம்னு மறந்துடாத. பொண்ணு பிறந்ததுக்கப்புறம் பதினஞ்சு வருஷம். படுக்கையில நடுவுல ஒரு போர்வையை மடிச்சு வச்சிருப்போம், எல்லைக்கல் மாதிரி. கோபமும் இல்ல, சண்டையும் இல்ல. "பால் வந்துச்சா, பில் கட்டியாச்சா." நாற்பது மீட்டர் உசரத்துல கண்ணாடிக் கூண்டுக்குள்ள உட்கார்ந்து, கீழே பெட்டி ஆடுறதைப் பார்க்கும்போது, இதோட நாமளும் விழுந்தா என்னன்னு எனக்குத் தோணும். உங்கிட்டகூடச் சொன்னதில்ல. உனக்கு வாரத்துல மூணு நாள் தலைவலி. லேபுல யாரைப் பார்த்தாலும் எரிஞ்சு விழுவ.

அப்புறம் அந்த பஸ் ரிப்பேர். நடு வழியில ஒரு லாட்ஜ். அங்க பேர் எழுதிக்கிறவர் "ரெண்டு பேரும் என்ன உறவு?"ன்னாரு. நீ முகத்தை ஒரு மாதிரி வச்சுக்கிட்டு, "தெரியாதுங்க, பஸ்ல பக்கத்து சீட்டு"ன்ன. அந்த மனுஷன் பேனாவைக் கீழே போட்டுட்டாரு. மேல போற வரைக்கும் நீ சிரிக்கல. கதவைச் சாத்தினதும் எங்கிட்ட, "உன் பேர் என்ன?"ன்னு கேட்ட. இருபத்தோரு வருஷத்துல முதல் தடவையா என்னை ‘நீ’ன்ன.

அன்னியிலிருந்துதானே எல்லாம். செவ்வாய்க்கிழமை டிபன் டப்பாவுல, இந்த வாரம் என்ன வேணும்னு எழுதிச் சீட்டு வைக்கிறது, வியாழக்கிழமை மத்தியானம் அரை நாள் லீவு. யாராவது வேண்டாம்னு சொன்னா அதோட சரி, ஏன்னு கேட்கக்கூடாதுன்னு நீ போட்ட சட்டம். மறுநாள் கூண்டுல உட்கார்ந்தா என் கை எனக்கே புதுசா இருக்கும். ஒரு நடுக்கம் இல்ல. ராத்திரி தலை சாய்ச்சா விடிஞ்சுதான் முழிப்பேன். பிரஷர் மாத்திரையைப் பாதியாக்கினாரே டாக்டர். உனக்குப் பதவி உயர்வு வந்ததும் அந்த வருஷம்தான்.

இப்ப மறுபடி தூக்கமில்ல. போன வாரம் ஒரு பெட்டியைக் கப்பல் விளிம்புல உரசிட்டேன். கீழே கொடி காட்டுற நம்மாளு வாக்கிடாக்கியில, "என்னண்ணே, கவனம் எங்க?"ன்னான். எங்க இருக்கும்?

கொக்கு


ஏப்ரல் 21

என்னங்க,

உங்கள் கடிதத்தை லேபில், மதிய இடைவேளையில் படித்தேன். கூண்டில் உட்கார்ந்து அப்படியெல்லாம் நினைத்தீர்களா? என்னிடம் ஏன் சொல்லவில்லை? ஊருக்கே எல்லாவற்றையும் சொல்கிற வாய், இதை மட்டும் எனக்கு மறைத்திருக்கிறது.

நானும் மறக்கவில்லை. உங்களை வெறுத்துத் தள்ள மட்டும் முடிந்தால் எனக்கு வேலை சுலபம்.

அந்த நாட்களில் மைக்ராஸ்கோப்பில் குனிந்தால் ஒவ்வொரு செல்லும் தனித்தனியாகத் தெரியும். ரெண்டு பேர் பார்த்து ஒன்றுமில்லை என்று ஒதுக்கிய ஸ்லைடில், ஓரத்தில் ஒளிந்திருந்த நாலே நாலு கெட்ட செல்லை நான் பிடித்தேனே, அது ஒரு வெள்ளிக்கிழமை காலை. அந்தப் பெண்மணி பிழைத்து வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். "எப்படிம்மா கண்டுபிடிச்சீங்க?" என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சந்தோஷமாக இருக்கிறவளுக்குக் கண் நன்றாகத் தெரியும் என்று எந்தப் புத்தகத்தில் எழுதியிருக்கிறது? ஆனால் உண்மை அதுதான். அதனால் உங்கள் கம்பெனி இதழில் எழுதியது பொய் என்று நான் சொல்ல மாட்டேன். உண்மை என்பதால்தான் இவ்வளவு வலிக்கிறது.

துறைமுகத்துக்கு விடுமுறை விட்ட அன்றைக்கு என்னைக் கிரேன் மேலே ஏற்றினாயே. இருநூற்றுப் பதினாறு படி. எனக்கு நாற்பத்திரண்டு வயசு, முட்டி வலி, சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு. பாதியில் அழுதேன். நீ மேலிருந்து, "கீழே பார்க்காத, என் செருப்பைப் பாரு" என்றாய். மேலே போனதும் கடல் முழுக்க வெள்ளையாக இருந்தது. அந்தக் கூண்டுக்குள் ரெண்டு பேர் நிற்க இடமில்லை. நிற்கத் தேவையும் இல்லை என்றாய். உலகத்தில் ஒருத்தருக்கும் நாம் அங்கே இருப்பது தெரியாது என்பதுதான் எனக்கு எல்லாவற்றிலும் பெரிய சுகம். அதை உனக்குச் சொல்லியிருக்கிறேனா?

பார்த்தீர்களா, ‘நீ’ என்று எழுதிவிட்டேன். அடிக்க மனசில்லை, இருக்கட்டும்.

என்னாலும் இங்கே வேலை செய்ய முடியவில்லை. ஒரே ஸ்லைடை மூன்று தடவை பார்க்கிறேன். அக்கா, "போய்ச் சேர்ந்து வாழற வழியைப் பாரு" என்கிறாள்.

மே மாதம் வரலாமா என்று யோசிக்கிறேன். பொண்ணையும் கூப்பிட்டு உட்கார்த்திப் பேசலாம். அதற்கு முன்னால் ஒன்றே ஒன்று. மேடையில் சொன்னது மேடையில் சொன்னதாகப் போகட்டும், கைதட்டலில் உளறினீர்கள். அது தவிர வேறு யாரிடமாவது, எப்போதாவது, எதையாவது சொன்னீர்களா? உண்மையைச் சொல்லுங்கள். எதுவாக இருந்தாலும் தாங்கிக்கொள்வேன்.


மே 2

பூதக்கண்ணாடி,

உன் கடிதத்தைச் சட்டைப் பையில வச்சுக்கிட்டு ஒரு வாரம் சுத்தினேன். ரெண்டு தடவை ‘இல்ல’ன்னு எழுதிக் கிழிச்சுட்டேன். நீ வரேன்னு எழுதியிருக்க. ‘இல்ல’ங்கிற ஒரு வார்த்தைதான் நடுவுல நிக்குது. எழுதியிருந்தா நீ அடுத்த வாரம் இங்க இருப்ப. எழுத முடியல. நீ கண்ணை என் மேல நட்டு வச்சுக் கேட்ட மாதிரி இருக்கு.

கொடி காட்டுற நம்மாளுக்கு எல்லாம் தெரியும்.

மேடைக்கு ரொம்ப முன்னாடியே. ஆரம்பத்திலிருந்தே. வெள்ளிக்கிழமை காலையில ஷிப்ட் தொடங்கும் முன்னாடி டீ குடிப்போம். "என்னண்ணே, முகத்துல பல்பு எரியுது?"ன்னு கேட்பான். முதல்ல ஒண்ணும் சொல்லல. அப்புறம் கொஞ்சம். அப்புறம் எல்லா வெள்ளிக்கிழமையும். லாட்ஜ் சொன்னேன். கண்ணைக் கட்டினது சொன்னேன். கிரேன் மேல ஏறினதும் அவனுக்குத் தெரியும், அன்னிக்குக் கீழே காவலுக்கு நின்னதே அவன்தான். யாரும் வந்தா வாக்கிடாக்கியில சொல்லச் சொல்லியிருந்தேன். நீ ஏறும்போது அவன் கன்டெய்னர் மறைவுல நின்னுக்கிட்டிருந்தான்.

உன் சீட்டு ரெண்டு மூணைப் படிக்கக் கொடுத்திருக்கேன்.

ஏன்னு கேட்பே. பெருமைக்குன்னு சொன்னா பாதிதான் நிஜம். நாற்பத்தாறு வயசுல ஒருத்தனுக்கு அப்படி ஒரு சந்தோஷம் வந்தா அதை எங்க வைக்கிறதுன்னு தெரியல. நெஞ்சு கொள்ளல. யார்கிட்டயாவது சொன்னாத்தான் நிஜம்னு எனக்கே நம்பிக்கை வந்தது. அவன் நல்லவன், இன்னிவரைக்கும் வேற யார்கிட்டயும் மூச்சு விட்டதில்ல. அவன் பொண்டாட்டிக்குக்கூடத் தெரியாது.

நீ கேட்ட உண்மை இதுதான். இதுக்கு மேல ஒண்ணும் இல்ல.

வா. திட்டு. அடி. ஆனா வா.


மே 19

வேண்டாம்.

அவர் நம் வீட்டில் எத்தனை தடவை சாப்பிட்டிருக்கிறார்! நான் பரிமாறியிருக்கிறேன். "அண்ணி, கொஞ்சம் போதும்" என்று இலையைப் பார்த்தே பேசுவார், என் முகத்தைப் பார்க்க மாட்டார். என்ன மரியாதை தெரிந்த மனுஷன் என்று உங்களிடமே சொல்லியிருக்கிறேன். நீங்கள், "ஆமா, ரொம்ப" என்றீர்கள்.

இரண்டு வருஷம் நாம் இரண்டு பேர் இருந்தோம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். மூன்று பேர் இருந்திருக்கிறோம். ஒவ்வொரு வியாழக்கிழமையையும் திருப்பி எடுத்துப் பார்க்கிறேன். ஒவ்வொன்றிலும் அவர் டீ கிளாஸோடு உட்கார்ந்திருக்கிறார். நான் சிரித்தது, நான் கேட்டது, நான் சொன்னது எல்லாம் மறுநாள் காலை அவருக்குப் போயிருக்கிறது.

பொய் சொல்லாததற்கு நன்றி. தாங்கிக்கொள்வேன் என்று எழுதினேன். எனக்கு அவ்வளவு தெம்பு இல்லை.

ஏன் என்று கேட்டு எழுதாதீர்கள்.


ஜூலை 1

நீ கேட்காதன்னு சொன்னதை ஒரு மாசத்துக்கு மேல கேட்காம இருந்துட்டேன். இதுவும் கேட்கிற கடிதம் இல்ல. நடந்ததைச் சொல்றேன்.

நான் கிரேன்ல இருந்து இறங்கிட்டேன். யாரும் இறக்கல. ஜூன் பதினொண்ணாம் தேதி காலையில பத்து மணிக்கு, வெயில் நல்லா அடிச்சுக்கிட்டிருந்தது, காத்துகூட இல்ல. ஒரு பெட்டியை லாரி மேல வைக்கிறேன். வச்சாச்சுன்னு நினைச்சுக் கொக்கியை விட்டுட்டேன். ஒரு சாண் வெளியில வச்சிருக்கேன். பெட்டி சாஞ்சு, லாரியோட ஓரத்தை நசுக்கிட்டுக் கீழே விழுந்தது. விழுந்த இடத்துல அதுக்கு ஒரு நொடி முன்னாடி நின்னவன், கொடி காட்டுற அவன்தான். தாவிட்டான். முழங்கை மட்டும் சிராய்ப்பு.

மேல இருந்து புழுதிதான் தெரியுது, ஆள் தெரியல. வாக்கிடாக்கியில கூப்பிடுறேன், பதில் இல்ல. அந்த நேரத்துல என் மனசுல என்ன ஓடிச்சுன்னு உனக்கு மட்டும்தான் சொல்ல முடியும். பயம் வந்தது. ஆனா அதுக்கு முன்னாடி, ஒரு கண் இமைக்கிற நேரம், ‘சரி, இனி தெரிஞ்சவன் யாரும் இல்ல’ன்னு ஒண்ணு வந்துட்டுப் போச்சு. நான் அப்படிப்பட்டவன் இல்ல. ஆனா வந்துச்சு.

இறங்கினேன். அவன் ஓடி வந்து, "ஒண்ணுமில்லண்ணே, பயப்படாதீங்க"ன்னு எனக்குத் தண்ணி கொடுத்தான். வாங்கிக் குடிக்காம கீழே வச்சுட்டேன். அன்னிக்கே மேலதிகாரிகிட்ட எழுதிக் கொடுத்துட்டேன். இப்ப வெளி கேட்டுல லாரி நம்பர் குறிச்சுக்கிற வேலை. அவன்கூடப் பேசுறதில்ல. காரணம் தெரியாம அவன் என்னைப் பார்த்துக்கிட்டே போறான்.

புதுசா வேலைக்குச் சேர்றவங்களுக்குக் கொடுக்கிற கையேட்டுல அந்தக் கட்டுரையைச் சேர்த்திருக்காங்க. போன வாரம் ஒரு ஆள் கேட்டுல வந்து, "சார், நீங்கதானே அது? ரொம்ப உபயோகமா இருந்தது"ன்னு கை கொடுத்தான். கொடுத்துட்டேன். வேற என்ன செய்ய?

பொண்ணு வந்திருந்தா. ரெண்டு நாள் இருந்தா. பாட்டிகூடத்தான் பேசினா. கிளம்பும்போது வாசல்ல நின்னு, "அப்பா, அம்மா உங்ககூட இருந்தப்ப சந்தோஷமா இருந்தாங்கதானே? எனக்குத் தெரியும். வீட்டுக்கு வந்தா அவங்க எதையாவது முணுமுணுத்துப் பாடிக்கிட்டே இருப்பாங்க"ன்னா. நான் தலையாட்டினேன். அதுக்கு மேல அவளும் கேட்கல.

உன்னைக் கூப்பிடல. உடம்பைப் பார்த்துக்கோ.


ஆகஸ்ட் 23

அன்புள்ளவருக்கு,

உங்களுக்கு வந்த எண்ணம் பெரிய பாவம் என்று எனக்குத் தோன்றவில்லை. எனக்கும் அப்படி வந்திருக்கிறது, அவரைப் பற்றி மட்டும் அல்ல. அதனால் அதைச் சுமக்காதீர்கள்.

நானும் என் இடத்தை விட்டு இறங்கிவிட்டேன். மே கடைசியில் ஒரு ஸ்லைடில் ஒன்றுமில்லை என்று கையெழுத்துப் போட்டேன். ஏழு வாரம் கழித்து அந்த அம்மா வலியோடு திரும்பி வந்தார். பழைய ஸ்லைடை எடுத்துப் பார்த்தார்கள். கெட்ட செல் நடுவிலேயே இருக்கிறது. ஓரத்தில்கூட இல்லை. படிப்பு முடிக்காதவர்கள் பார்த்தாலும் தெரியும். யாரும் என்னைத் திட்டவில்லை. நானே மைக்ராஸ்கோப் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். இப்போது ரிப்போர்ட் கொடுக்கிற ஜன்னலில் உட்கார்கிறேன். பேரைக் கேட்டு, உறையைத் தேடி எடுத்து நீட்டுவது. சிலர் அங்கேயே பிரித்துவிட்டு என் முகத்தைப் பார்ப்பார்கள். நேற்று ஒருவர், "நல்ல ரிப்போர்ட்தானேம்மா?" என்றார். உள்ளே என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. தெரியாது என்று சொன்னேன். நம்பாமல் ரொம்ப நேரம் நின்றார்.

போன மாதம் பொண்ணின் சான்றிதழ் விஷயமாக அங்கே வந்தேன். உங்களிடம் சொல்லவில்லை. துறைமுகத்து வெளி கேட்டுக்கு எதிர் வரிசையில் பஸ் நிறுத்தம் இருக்கிறதே, அங்கே முக்கால் மணி நேரம் நின்றேன். மூன்று பஸ்ஸை விட்டேன். நீங்கள் ஸ்டூலில் உட்கார்ந்து நம்பர் எழுதிக்கொண்டிருந்தீர்கள். கழுத்து இன்னும் நீண்டுவிட்டது. சட்டைக் காலர் துவைத்துத் துவைத்துப் பிரிந்திருக்கிறது. ரோட்டைக் கடந்து வந்திருப்பேன், பொய் சொல்லவில்லை, ஒரு காலைக் கீழே வைத்துவிட்டேன். அப்போது ஒரு லாரி டிரைவர் வண்டியை நிறுத்தி உங்களிடம் ஏதோ கேட்டார். நீங்கள் சிரித்து, கையை ஆட்டி ஆட்டி ஏதோ சொன்னீர்கள். அவரும் சிரித்தார். வழி கேட்டிருப்பார். மழையைப் பற்றியோ விலைவாசியைப் பற்றியோ பேசியிருப்பீர்கள். ஆனால் எனக்கு உடம்பெல்லாம் கூசிப்போனது. என்ன சொல்கிறீர்கள், யாரைப் பற்றிச் சொல்கிறீர்கள் என்று காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன். ரோட்டுக்கு அந்தப் பக்கத்திலிருந்து என்ன கேட்கும்?

அப்போது புரிந்தது. உங்கள் பக்கத்தில் வந்து இருந்தாலும் நான் இப்படித்தான் நிற்பேன். நீங்கள் யாரிடம் சிரித்தாலும் காதைத் தீட்டுவேன். நீங்கள் பாவம், வாயைத் திறக்கவே பயப்படுவீர்கள். நாலாவது பஸ்ஸில் ஏறிவிட்டேன்.

உங்கள் மேல் பிரியம் போய்விட்டது என்று நினைக்காதீர்கள். போயிருந்தால் மூன்று பஸ்ஸை விட்டிருக்க மாட்டேன்.

இதற்குப் பதில் எழுத வேண்டாம். உங்கள் கடிதங்களை நான் அக்காவிடம்கூடக் காட்டியதில்லை. இதை நீங்கள் படித்துவிட்டு உங்களோடு வைத்துக்கொள்ளுங்கள். வைத்துக்கொள்வீர்கள் என்றுதான் நம்பப் பார்க்கிறேன். முடியவில்லை.